இரண்டு முள்ளும் சேர்ந்து தப்புக் காட்டினால்

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான அபிங்டனில் தயாரானது. 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்ததால் இன்றும் நிறைய வண்டிகள் சாலையில் இருக்கின்றன. 1970-களின் கடைசியில் வந்த வண்டிகளில் ஒரு விசித்திரமான கோளாறு வரும். டேங்கில் பாதிதான் பெட்ரோல் இருக்கும், முள் முக்காலைத் தாண்டி நிற்கும். இன்ஜின் இதமான சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும், டெம்பரேச்சர் முள்ளோ கொதிநிலையை நெருங்கியிருக்கும். பயந்துபோய் இரண்டு மீட்டரையும் கழற்றி மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் அந்த அழகான பழைய மீட்டர்களை ஒரு குற்றமும் இல்லாமல் தூக்கிப் போடுவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த மீட்டருக்குள் காந்தம் கிடையாது. ஒரு ஈருலோகப் பட்டையும் அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பியும்தான் இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானாக நிற்பதற்குக் காரணமான அதே பட்டை. இரண்டு உலோகங்களும் சூட்டில் ஒரே அளவு விரியாததால் பட்டை வளையும், வளைவு முள்ளைத் தள்ளும். ஆக, முள் அளப்பது அந்தக் கம்பியின் சூட்டைத்தான். டேங்கில் மிதவை மேலே ஏற ஏற அதோடு இணைந்த மின்தடை குறையும். மின்னோட்டம் கூடும், கம்பி சூடாகும், முள் ஏறும். சூடேறவும் ஆறவும் நேரம் பிடிப்பதால், வளைவில் திரும்பும்போது பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடாது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரி 12 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு (ஸ்கொயருக்கு) ஏற்ப மாறும். மீட்டர்கள் 10 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நேராக 14 வோல்ட் கொடுத்தால் வெப்பம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். இதைத் தடுக்கத்தான் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு தகரப் பெட்டி இருக்கிறது: வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் ஒரு ஈருலோகப் பட்டை, அதன்மேல் ஒரு சூடேற்றும் கம்பி. பட்டை சூடாகி வளைந்தால் தொடுமுனை பிரிந்து மின்சாரம் நிற்கும். ஆறினால் மறுபடி சேரும். 12 வோல்ட்டில் பத்துக்கு ஏழு பங்கு நேரம், 14 வோல்ட்டில் பாதி நேரம் இணைப்பு இருந்தால் போதும், வெப்பக் கணக்கில் அது 10 வோல்ட்டுக்குச் சமம்.

இப்போது அந்தக் கோளாறுக்கு வருவோம். ஸ்டெபிலைசரின் சூடேற்றும் கம்பி, பெட்டியின் உறை வழியாக வண்டியின் பாடியில் எர்த் ஆகிறது, அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தத் திருகு துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ கம்பியில் மின்சாரம் ஓடாது, பட்டை சூடாகாது, தொடுமுனை பிரியவே பிரியாது. பேட்டரியின் முழு மின்னழுத்தமும் மீட்டர்களுக்குப் போய்விடும். இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் முதலில் அந்த ஒரு திருகைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இரண்டும் சேர்ந்து எழும்பவே இல்லையென்றால் ஸ்டெபிலைசருக்கு மின்சாரம் கொண்டுவரும் பச்சை வயரைப் பாருங்கள். பிரேக் விளக்கும் கூடவே செத்திருந்தால் பியூஸ் போயிருக்கலாம். அது நன்றாக வேலை செய்தால் ஸ்டெபிலைசரின் தொடுமுனை கருகியிருக்கலாம், அல்லது அதற்கு வரும் வயர் கழன்றிருக்கலாம். டெஸ்ட் லேம்ப்பை வெளிவரும் இளம்பச்சை வயரில் வைத்தால் விட்டுவிட்டு எரிய வேண்டும். டிஜிட்டல் மல்ட்டிமீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒரு முள் மட்டும் தப்பாக இருந்தால் ஸ்டெபிலைசரை விட்டுவிடலாம். பெட்ரோல் மீட்டரிலிருந்து டேங்குக்குப் போவது கறுப்புக் கோடு போட்ட பச்சை வயர். டெம்பரேச்சருக்கு நீலக் கோடு போட்டது. டேங்க் முனையில் வயரைக் கழற்றினால் முள் காலிக்கு இறங்க வேண்டும். பெட்ரோல் ஆவி இல்லாத இடமாகப் பார்த்து, வயரைச் சில நொடிகள் மட்டும் பாடியில் தொடவைத்தால் முள் மெதுவாக மேலே போக வேண்டும். அதிக நேரம் பிடித்தால் மீட்டரின் கம்பியே கருகிவிடும். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் வயரும் நலம், கோளாறு டேங்க் யூனிட்டில் (மிதவையும் மின்தடையும் சேர்ந்த பகுதி) அல்லது அதன் எர்த்தில்.

எர்த்தை லேசாக நினைக்கக் கூடாது. டேங்க் நிரம்பியிருக்கும்போது யூனிட்டின் மின்தடை சில பத்து ஓம்தான். துருப்பிடித்த இணைப்பு இன்னொரு 30, 40 ஓம் சேர்த்துவிட்டால், வாய் வரை நிரப்பினாலும் முள் முழுசைத் தொடாது. காலியாக இருக்கும்போது மின்தடை 200 ஓமுக்கும் மேல் என்பதால் அதே துரு அங்கே பெரிதாகத் தெரியாது. காலியில் சரி, முழுசில் தப்பு என்றால் துருவைத்தான் சந்தேகிக்க வேண்டும். வழியில் வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்களையும் பிரித்துப் பாருங்கள், உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும்.

இயந்திர ஸ்டெபிலைசர் உண்மையிலேயே செத்திருந்தால், எலெக்ட்ரானிக் யூனிட் கிடைக்கிறது. இங்கே ஒரு கவனம் வேண்டும். கம்பியில் மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் சூடு ஒன்றுதான், அதனால் பழைய ஸ்டெபிலைசருக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் கிடையாது. எலெக்ட்ரானிக் யூனிட்டுக்கு உண்டு. 1967 வரையிலான எம்ஜிபி-கள் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த்தாகக் கொண்டு வந்தவை. அவற்றில் சில பிற்பாடு மாற்றப்பட்டிருக்கின்றன. வாங்குவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற யூனிட்டைக் கேளுங்கள்.