பென்டிரைவில் லினக்ஸ் போடுங்கள், வீட்டு விண்டோஸின் பூட்லோடரைத் தொடாமல்

விடுமுறை முடிந்து பிள்ளைகள் கல்லூரி விடுதிக்குத் திரும்பும் வாரங்களில், ஈரோட்டில் இருக்கும் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரே வகைப் புகார் வரும். பள்ளிபாளையத்தில் தறி போட்டிருப்பவர், மஞ்சள் மண்டிக்காரர், திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர் என்று ஆள்தான் மாறும். "ஏனுங்க, பையன் பென்டிரைவுல ஏதோ லினக்ஸ் போட்டுட்டுப் போனானுங்க. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னான். இப்ப ஆன் பண்ணினா கருப்பா திரை வந்து க்ரப்புன்னு நிக்குதுங்க. டேலி அதுலதானுங்க இருக்குது." ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாள் நெருங்கியிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

பையன் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் முழுவதும் பென்டிரைவில்தான் இருக்கிறது. வீட்டுக் கணினியின் உள்ளே போனது சில எம்பி அளவுள்ள பூட்லோடர் மட்டும், அதாவது ஆன் செய்தவுடன் இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல். ஆனால் கணினி எழுவதே அதை நம்பித்தான்.

இன்றைய கணினிகள் எல்லாம் யூஇஎஃப்ஐ முறையில், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலின் வழியாக, எழுகின்றன. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. விண்டோஸ் நிறுவும்போது பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 வடிவில் அமையும், எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. விண்டோஸின் பூட்லோடர் அங்கேதான் இருக்கிறது. எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசை, மதர்போர்டில் உள்ள என்விராம் நினைவகத்தில் தனியாகப் பதிவாகியிருக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பழைய நிறுவி (இன்ஸ்டாலர்) யுபிக்விட்டி என்ன செய்யும் தெரியுமா? பூட்லோடரை எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும். நாம் பென்டிரைவைத்தான் காட்டுவோம். அப்படியிருந்தும் அது முதலில் கண்ணில் படும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில், அதாவது உள் டிஸ்கில், லினக்ஸின் பூட்லோடரான க்ரப்பை எழுதிவிடும். இது 2014ஆம் ஆண்டிலேயே உபுண்டுவின் பிழைப் பதிவேட்டில் ஏறிய விஷயம். உபுண்டு 22.10 வரை இந்த நிறுவிதான். லினக்ஸ் மின்ட்டும் இதன் வழியில்தான் வந்தது.

அப்புறம் நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். என்விராமில் 'உபுண்டு' முதல் இடத்துக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் க்ரப்புக்கு வேண்டிய மிச்சக் கோப்புகள் பென்டிரைவில். பென்டிரைவோ கோயம்புத்தூர் விடுதியில், பையனின் சட்டைப் பையில். வீடு அப்படியே இருக்கிறது, சாவி மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டது. அங்கே அந்தப் பையனுக்கும் வேலை நடக்காது. பென்டிரைவில் பூட்லோடர் இல்லாததால் வேறு எந்தக் கணினியிலும் அது எழாது.

இந்த நிலையில் ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் தயவுசெய்து எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். யாராவது விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். உங்கள் தரவு அங்கேயேதான் இருக்கிறது. ஆன் செய்தவுடன் பூட் மெனு பொத்தானை அழுத்துங்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வந்துவிட்டால் முதல் வேலையாகக் கணக்குகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, பிறகு பயாஸ் அமைப்பில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் விண்டோஸ் பூட் மேனேஜரையே முதல் இடத்துக்கு ஏற்றினால் போதும். எங்களிடம் வரும் பலருக்கு இதற்கு மேல் வேலை இருப்பதில்லை.

சரி, முதலிலேயே ஒழுங்காகச் செய்வது எப்படி? என் கருத்து உறுதியானது: நிறுவியின் கண்ணில் உள் டிஸ்க் படவே கூடாது. பூட்லோடருக்கான பெட்டியில் சரியான டிஸ்கைத் தேர்ந்தெடுத்தேன் என்பது பாதுகாப்பு ஆகாது. உபுண்டுவின் புதிய நிறுவி மாறிவிட்டது என்பார்கள். குடும்பத்தின் பிழைப்பு ஓடும் கணினியில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

மேசைக் கணினி என்றால் இது மிகச் சுலபம். மின்சாரத்தை நிறுத்தி, உள் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரைக் கழற்றிவிடுங்கள். மடிக்கணினியில், குறிப்பாக அலுவலகப் பயன்பாட்டுக்காக வரும் மாடல்கள் சிலவற்றில், பயாஸிலேயே உள் டிஸ்கை அணைத்து வைக்கும் வசதி உண்டு. அது இல்லையென்றால் பின்மூடியைத் திறந்து எம்.2 எஸ்எஸ்டியின் ஒற்றைத் திருகைக் கழற்றலாம். பழக்கம் உள்ளவர்கள் மட்டும் அதில் கை வையுங்கள், பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட்டு.

திறக்கவே மனசில்லை என்றால், நான் அதிகம் பரிந்துரைப்பது விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினி உருவாக்குங்கள். அதற்கு ஹார்ட் டிஸ்க் எதுவும் கொடுக்க வேண்டாம். அமைப்பில் ஈஎஃப்ஐயை இயக்குங்கள், லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (இணையத்திலிருந்து இறக்கும் நிறுவல் கோப்பு) இணைத்துக் கிளப்புங்கள், யூஎஸ்பி பட்டியலில் உங்கள் டிரைவை அதற்குக் கொடுங்கள். நிறுவிக்குத் தெரிவது அந்த யூஎஸ்பி மட்டும்தான். என்விராமில் எழுதினாலும் மெய்நிகர் கணினியின் என்விராமில்தான் எழுதும். சற்று மெதுவாக நடக்கும், பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் யாரும் எதையும் கழற்றத் தேவையில்லை என்பதே பெரிய நிம்மதி.

இணையத்தில் இன்னொரு வழியும் சொல்கிறார்கள். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸில், பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டட் நிரலைத் திறந்து, உள் டிஸ்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள 'பூட்', 'ஈஎஸ்பி' அடையாளங்களை எடுத்துவிட்டு நிறுவி, முடிந்ததும் திரும்ப வைப்பது. வேலை செய்யும். ஆனால் திரும்ப வைக்க மறந்தாலோ, துணைமின் நிலையப் பராமரிப்பு நாளில் இடையே கரண்ட் போனாலோ, விண்டோஸ் எழாமல் போகக்கூடும். கற்றுக்கொள்ள வைத்திருக்கும் கணினியில் செய்து பார்க்கலாம், அப்பாவின் கணினியில் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 11 வந்த பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயன்படுத்துபவருக்குத் தெரிந்தே இருக்காது. பயாஸில் செக்யூர் பூட்டையோ (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) பூட் வரிசையையோ மாற்றினால், அடுத்த முறை அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் எங்களாலும் திறக்க முடியாது. இதை நான் கடையில் சொல்லும்போது எதிரில் நிற்பவரின் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அந்தச் சாவியைத் தேடி, காகிதத்தில் எழுதிக் கணக்கு நோட்டோடு வையுங்கள். அந்தக் கணக்கு யார் மெயிலில் தொடங்கப்பட்டது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய அன்று கடைக்காரரோ அக்கா மகனோ தன் மெயிலைப் போட்டுக் கொடுத்திருப்பார்.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய கருவிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் முறைக் கருவி என்றால் கதை எளிது. அங்கே பூட்லோடர் டிஸ்கின் முதல் செக்டாரில் இருக்கும். டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களில் எது யூஎஸ்பி என்று அளவைப் பார்த்து உறுதி செய்து, பார்ட்டிஷன் எண் சேர்க்காமல் அந்த டிரைவையே பூட்லோடர் இடமாகக் காட்ட வேண்டும்.

டிரைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவும் ஐஎஸ்ஓவுக்கு ஒன்று, லினக்ஸ் குடியேற இன்னொன்று என்று இரண்டு வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் வழியில் ஒன்றே போதும். குடியேறும் டிரைவ் 64 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. சாதாரணப் பென்டிரைவ் சின்னச் சின்னக் கோப்புகளை எழுதுவதில் மிகவும் மந்தம். தினமும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் யூஎஸ்பி உறையில் போட்ட எஸ்எஸ்டியே தாங்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் '2 டிபி' பென்டிரைவ்களை நம்பாதீர்கள்.

நிறுவும்போது யூஎஸ்பியில் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை போட்டு, அதற்கென்று தனி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை, 300 முதல் 500 எம்பி வரை, ஒதுக்குங்கள். முடிந்ததும் அந்தப் பார்ட்டிஷனைத் திறந்து, 'ஈஎஃப்ஐ' அடைவுக்குள் 'பூட்' அடைவும் அதில் 'பூட்எக்ஸ்64' என்ற ஈஎஃப்ஐ கோப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கணினியில் செருகினாலும், என்விராமில் எந்தப் பதிவும் இல்லாமல், யூஇஎஃப்ஐ தேடிப் போகும் இடம் அதுதான். இல்லையென்றால் க்ரப்-இன்ஸ்டால் கட்டளையை 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால் அங்கே வந்துவிடும். உள் டிஸ்கை மறைத்து நிறுவியதால் க்ரப் மெனுவில் விண்டோஸின் பெயர் வராது. அப்படியே இருக்கட்டும்.

பிறகு டிஸ்கைத் திரும்ப மாட்டி, யூஎஸ்பியை வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸ் தானாக எழுகிறதா என்று முதலில் சோதியுங்கள். அதன் பிறகுதான் யூஎஸ்பியைச் செருகி, பூட் மெனு வழியாக லினக்ஸைப் பார்க்க வேண்டும்.

உபுண்டுவிலும் டெபியன் என்ற லினக்ஸ் வகையிலும் க்ரப் புதுப்பிப்பு வரும்போது அது தன் பெயரை என்விராமில் மறுபடி எழுதலாம். க்ரப் பொதியை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளை மூலம் திறந்து, என்விராமைப் புதுப்பிக்கவா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று பதில் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

பூட்லோடரைத் தொடாவிட்டாலும் லினக்ஸ் தொடுகிற இன்னொன்று கடிகாரம். மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுவது லினக்ஸின் வழக்கம்; விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் அப்பா கணினியைத் திறந்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கும். அதிகாலையில் கோழி வண்டிக்குப் பில் போடுபவருக்குத் தேதியே முந்தைய நாளாகிவிடும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுத்தால் அது உள்ளூர் நேரத்தையே எழுதும். அதைக் கொடுத்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும் முன் விண்டோஸை ஒரு முறை திறந்து நேரத்தைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.