தூணே இல்லாத கூடம்

மூடிப்போன ஆலைகளைக் கலைக்கூடமாக மாற்றுகிறார்களே, இயந்திரமும் தூணும் நிறைந்த இடத்தில் அவ்வளவு பெரிய கலைப்படைப்புகளை எப்படி நிறுத்துகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜெர்மனியில் ஓபர்ஹாவுசன் நகரத்து வாயுக்கலனைப் பார்த்தால் விஷயம் புரியும்.

1929இல் கட்டி முடித்த எஃகுக் கலன் அது. உயரம் சுமார் 117 மீட்டர், குறுக்களவு சுமார் 67 மீட்டர். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. இரும்பு உருக்கும் ஊதுலை இரவு பகலாக வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் இடங்களின் தேவையோ ஏறி இறங்கும். இடையில் சேர்த்துவைக்கத்தான் இந்தக் கலன். கொள்ளளவு 3,47,000 கன மீட்டர்.

சுவருக்குச் சுவர் அகலமான ஓர் எஃகுத் தட்டு வாயுவின் மேல் மிதந்தது. வாயு சேரச் சேர ஏறும், எடுக்க எடுக்க இறங்கும். குறுக்கே தூண் இருந்தால் தட்டு எப்படி நகரும்?

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கணக்குக்காகத் தட்டின் எடை 1,000 டன் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 3,500 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 300 கிலோகூட வரவில்லை. வளிமண்டலம் அதே சதுர மீட்டரை 10 டன் எடையோடு அழுத்துகிறது. ஆக, வெளிக்காற்றைவிட மூன்று சதவீதம் கூடுதல் அழுத்தம் இருந்தாலே ஆயிரம் டன் மிதக்கும். தட்டின் எடை மாறாததால், கலன் நிறைந்திருந்தாலும் காலியாகிக்கொண்டிருந்தாலும் அழுத்தம் ஒன்றேதான்.

அப்புறம், கசிவு? ஊதுலை வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு தொட்டி வைத்து, அதில் தார் எண்ணெய் நிரப்பினார்கள். மேலே சொன்ன அழுத்தத்தைத் தடுக்க ஓரடி ஆழ எண்ணெய் போதும். பாதுகாப்புக்காக அதைவிட ஆழமாகவே வைப்பார்கள். இடுக்கு வழியே எண்ணெய் சுவரோரமாக மெல்ல வழியும். வழியட்டும் என்றே விட்டார்கள்! அடியில் சேர்ந்ததை மேலே ஏற்றி, மறுபடி சுவர் வழியாகத் தொட்டிக்கே இறக்கினார்கள். கசிவையே வேலைக்கு வைத்துக்கொண்ட மூளையை என்ன சொல்வது!

1988இல் கலன் ஓய்வுபெற்றது. இடிக்கலாம் என்ற பேச்சையும் தாண்டி, 1994 முதல் கண்காட்சிக்கூடமாக இருக்கிறது. தட்டை அடிப்பக்கத்தில் நிலையாகப் பொருத்திவிட்டார்கள். இன்று அதன் மேல்தான் பார்வையாளர்கள் நடக்கிறார்கள். பழைய ஆலைகளைக் காக்கும் பணமெல்லாம் சுவருக்கும் கூரைக்குமே போய்விடுகிறது, அவற்றை ஓட்டிய தொழிலாளர்களின் கைப்பக்குவத்தைப் பதிவு செய்யவும் அதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

1999இல் கலைஞர்களான கிறிஸ்டோ, ஜான்-கிளோட் தம்பதி 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி உள்ளே ஒரு சுவரே எழுப்பினார்கள். 2013இல் கிறிஸ்டோ 90 மீட்டர் உயரத் துணிப்பை ஒன்றை உள்ளே நிறுத்தினார். அதற்கும் தூண் வேண்டியிருக்கவில்லை. மின்விசிறிகள் ஊதிய காற்றின் லேசான அழுத்தமே அதை நிமிர்த்தி வைத்திருந்தது.