உவர்நீர் மீனும் நீலகிரித் தண்ணீரும்

மீன்தொட்டிக் கடைகளில் ஆரஞ்சு குரோமைடு என்ற பெயரில் விற்கப்படும் சிறு மீன், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கடலோரக் காயல்களிலும் கழிமுகங்களிலும் வாழ்வது. கேரளத்தில் பள்ளத்தி என்று அழைக்கப்படும் இது கரிமீனின் நெருங்கிய உறவு. பெரும்பாலும் 8 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. உதகமண்டலத்திலோ குன்னூரிலோ இதை வளர்க்க விரும்புவோர் முதலில் கவலைப்படுவது குளிரைப் பற்றித்தான். உறைபனி விழும் ஊரில் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் அது ஒரு ஹீட்டரோடு தீர்ந்துவிடும். குழாயில் வரும் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதுதான் எளிதில் கண்ணுக்குப் படாத சிக்கல்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. எலும்பு மீன்களின் இரத்தத்தில் உள்ள உப்புச் செறிவு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பருவமழையில் ஆற்றுவெள்ளம் வந்து சேரும்போது காயல் நன்னீருக்கு நெருங்கிவிடுகிறது. கோடையில் வெள்ளம் வற்றிக் கடல்நீர் உள்ளே ஏறும்போது உப்பு பல மடங்கு கூடுகிறது. வெளியே இவ்வளவு மாறியும் மீனின் இரத்தம் பெரிதாக மாறுவதில்லை. இந்த மீன் உப்பைத் தாங்கிக்கொள்வதாகப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது உப்பை இடைவிடாமல் உள்ளேயோ வெளியேயோ கடத்திக்கொண்டிருக்கிறது.

அந்த வேலையின் பெரும்பகுதி செவுளில் நடக்கிறது. சிவந்த செவுள் இழைகளின் மேல் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடிப்பகுதியில், ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் நெருக்கமாக நிறைந்த செல்கள் உள்ளன. 1932-இல் ஆன்செல் கீஸ், வில்மர் என்ற ஆய்வாளர்கள் விலாங்கு மீனின் செவுளில் இவற்றைக் கண்டறிந்து, உப்பின் ஒரு கூறான குளோரைடைச் சுரக்கும் செல்கள் என்று விவரித்தனர். பிற்காலத்தில் உணவுக் கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர் இதே கீஸ்தான்.

இச்செல்களின் சவ்வில் உள்ள ஒரு புரதம், ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை (மின்னேற்றம் கொண்ட அணுக்களை) செல்லுக்கு வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைப் பயன்படுத்தியே மற்ற அயனிகள் நகர்த்தப்படுகின்றன. உப்பு மிகுந்த நீரில் உடலிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதால், மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதனுடன் உள்ளே போகும் குளோரைடு செவுள் செல்கள் வழியாகவும், சோடியம் செல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் வழியாகவும் வெளியேறுகின்றன. நன்னீரிலோ எல்லாம் தலைகீழ்: நீர் தானாகவே உடலுக்குள் புகுகிறது, சிறுநீரகம் அதை நீர்த்த சிறுநீராக நிறைய வெளியேற்றுகிறது, இழந்த உப்பைச் செவுள் நீரிலிருந்து உறிஞ்சி மீட்கிறது. பொதுவாகக் கடல்நீருக்கு ஏற்ப உடலை மாற்றுவதில் கார்டிசோல் என்ற ஹார்மோனும், நன்னீருக்கு ஏற்ப மாற்றுவதில் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் முன்னிற்கின்றன. செல்கள் இப்படி மாறி அமையச் சில நாட்கள் பிடிக்கலாம்.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட் என்ற கடினமான பாறை வகை. சுண்ணாம்புக்கல்லைப் போல அது எளிதில் கரைவதில்லை. ஆகவே மலைநீரில் சோடியத்தோடு கால்சியமும் குறைவு. கால்சியம்தான் செவுள் செல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை இறுக்கமாக வைத்து உப்புக் கசிவைக் குறைப்பது. அது குறையும்போது கசிவு கூடுகிறது. உறிஞ்சி மீட்பதற்கோ நீரில் உப்பு போதவில்லை. போதாததற்கு, ஹீட்டர் நின்று நீர் குளிர்ந்தால் அயனிகளை நகர்த்தும் புரதங்களின் வேகமும் தணிந்துவிடும்.

கல்லுப்பைப் போட்டால் பாதிதான் சரியாகும். உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது கால்சியம் சார்ந்த உப்புகள் முன்னதாகவே படிந்துவிடுகின்றன. மக்னீசியம் மிகுந்த மீதிநீர் வடித்து அகற்றப்படுகிறது. நமக்குக் கிடைக்கும் கல்லுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. அதனால் தொட்டியின் வடிகட்டியில் கழுவிய சிப்பி ஓடுகளையும் ஒரு கைப்பிடி போட்டு வைப்பது நல்லது. மலையின் மென்னீரில் அவை மெல்லக் கரைந்து கால்சியத்தைத் தரும். நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், ஈடு செய்ய வெறும் தண்ணீரையே ஊற்ற வேண்டும். பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிது மாற்றும்போது மட்டும், எடுத்த அளவுக்கு ஏற்ற உப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும்.