கைகாட்டி மரத்திலிருந்து வந்த சொல்

கிரிக்கெட் வர்ணனையில் கடைசி ஐந்து ஓவர் வந்துவிட்டால் எல்லாமே ‘குரூஷியல்’தான். ரொம்ப முக்கியம் என்று புரிந்துகொண்டு நாமும் நகர்ந்துவிடுகிறோம். ‘முக்கியம்’ என்ற சொல் முகத்திலிருந்து வந்தது. ‘குரூஷியல்’ வந்தது சிலுவையிலிருந்து. லத்தீனில் அதற்கு ‘குருக்ஸ்’ என்று பெயர்.

தேவாலயச் சிலுவை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட ‘நோவம் ஆர்கானம்’ நூலில் ‘சிலுவைச் சான்று’ என்று ஒன்றைப் பேசுகிறார். பாதை பிரியும் இடத்தில் வழிகாட்ட நட்டிருக்கும் சிலுவை வடிவக் கைகாட்டி மரம்தான் அது. ஒரு நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள், இரண்டுமே பொருந்துகின்றன. அப்போது எந்தப் பக்கம் போவது? இரண்டும் வேறு வேறு விடை சொல்லியே ஆக வேண்டிய ஒரு சோதனையைத் தேடு என்கிறார்.

அவர் தரும் உதாரணம் அழகானது. பொருள் கீழே விழுவது அதன் சுபாவமா, பூமி இழுப்பதாலா? ஈய எடையால் ஓடும் கடிகாரம் ஒன்று, சுருள்வில்லால் ஓடும் கடிகாரம் ஒன்று. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடும்படி சரிசெய்துவிட்டு, எடைக் கடிகாரத்தை உயரமான தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பூமிதான் இழுக்கிறது என்றால் மேலே அந்த இழுப்பு குறையும், கடிகாரம் சற்று மெதுவாக ஓடும். வில்லுக்கு அந்தக் கவலை இல்லை. அன்றைய கடிகாரங்கள் தினமும் நிமிடக் கணக்கில் பிசகியதால் இந்த நுண்ணிய வித்தியாசம் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

பேக்கனின் ‘சான்று’ ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் 1665ஆம் ஆண்டு நூலில் ‘சிலுவைச் சோதனை’ ஆனது. 1672இல் நியூட்டன் அந்தப் பெயரைத் தன் முப்பட்டகச் சோதனைக்கு வைத்தார். முதல் முப்பட்டகம் பிரித்த நிறங்களை ஒவ்வொன்றாகச் சிறு துளை வழியே இரண்டாவதற்கு அனுப்பினார். சிவப்பு குறைவாக வளைந்தது, நீலம் அதிகமாக வளைந்தது. நிறத்தை முப்பட்டகம் உண்டாக்கவில்லை, ஒளியிலேயே இருக்கிறது என்றார். வேடிக்கை என்னவென்றால், சோதனை சரி, ஆனால் வழக்கைத் தீர்க்கவில்லை என்று மறுத்தவரும் அதே ஹூக்தான்!

ஆங்கிலத்தில் ‘குரூஷியல்’ முதலில் வெறும் ‘சிலுவை வடிவ’ என்ற பொருளில், உடற்கூறியல் சொல்லாகத்தான் நுழைந்தது. ‘தீர்மானிக்கிற’ என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. அப்புறம் நீர்த்துப்போய் ‘முக்கியமான’ ஆயிற்று. பழைய பொருள் இன்னும் முழங்காலில் இருக்கிறது. கால்பந்து வீரர்களுக்கு அடிக்கடி கிழியும் ‘குரூசியேட்’ தசைநார், தன் ஜோடியுடன் பெருக்கல் குறிபோலக் குறுக்காகக் கிடப்பதால் அந்தப் பெயர் பெற்றது.