வளர்த்த முத்து எப்படிச் செயற்கை முத்து ஆனது?

போன வாரம் கடல்வாழ் உயிர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்க் குரல் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒருவர் சிப்பியைத் திறந்து, ஈரம் சொட்ட மினுங்கும் ஒரு முத்தை இரண்டு விரலால் எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து, "இவைதாம் செயற்கை முத்துகள்" என்றது குரல். உயிருள்ள சிப்பியின் சதைக்குள்ளிருந்து கண்ணெதிரே எடுத்த முத்துக்குச் செயற்கை என்று பெயர்!

முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். செய்தியில், நகை விளம்பரத்தில், பொது அறிவு வினா விடையில் என்று எங்கே பார்த்தாலும் இதே சொல். வளர்த்த முத்துக்கு ஆங்கிலத்தில் 'கல்ச்சர்டு பெர்ல்' என்று பெயர். அதை ஒரு கணினி மொழிபெயர்ப்பு 'கலாச்சார முத்து' என்றுகூட எழுதித் தந்தது. அதையாவது சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம், அதை நம்பி யாரும் ஏமாறப் போவதில்லை. 'செயற்கை முத்து' பார்ப்பதற்குச் சரியான சொல் போலவே இருக்கிறது. அதுதான் தொல்லை.

முதலில் முத்து என்ற சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வடமொழி 'முக்தா'விலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார், சிப்பியிலிருந்து விடுபட்டது என்று பொருள் சொல்வார்கள். தமிழ் 'முத்து'தான் அங்கே போய் 'முக்தா' ஆனது என்பார் இன்னொரு சாரார். நான் இரண்டாவது கட்சி. ஆமணக்கு முத்து, வேப்பமுத்து, மாதுளை முத்து என்று, உறைக்குள் முற்றித் திரண்ட எதையும் முத்து என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உடம்பில் அம்மை போட்டால் அதுவும் முத்துதான். காய் முற்றுவதை 'முத்திவிட்டது' என்றுதானே பேச்சில் சொல்கிறோம்? நித்திலம், தரளம், ஆரம் எல்லாம் முத்தைக் குறித்தவை. தரளம் வடமொழி, அசைந்தாடி ஒளிவிடுவது என்ற பொருளில் வந்தது. சரி, இது போதும். என் வழக்கு வேறு.

சிப்பிக்குள் முத்து எப்படி விளைகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சுவாதி நட்சத்திர நாளில் விழும் மழைத்துளி முத்தாகும் என்பது பழைய நம்பிக்கை. மணல் துகள் உள்ளே போனால் முத்தாகும் என்பது புதிய நம்பிக்கை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். கடலடியில் கிடக்கும் சிப்பிக்கு மணல் ஒரு பொருட்டே இல்லை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு மெல்லிய சதைப் போர்வை இருக்கிறது. ஓட்டைக் கட்டுவது அதன் வேலை. ஒட்டுண்ணி துளைத்தோ காயம்பட்டோ அந்தப் போர்வையின் சில செல்கள் சதைக்குள் அமிழ்ந்துவிட்டால், போன இடத்திலும் தம் வேலையை விடாமல் ஒரு பை போலச் சூழ்ந்துகொண்டு படலம் படலமாகப் பூசும். அந்தப் பூச்சுக்கு நேக்கர் என்று பெயர். அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகத் தகடுகளும் அவற்றை ஒட்டவைக்கும் புரதமும் சேர்ந்த அடுக்கு. இது தானாக நடந்தால் இயற்கை முத்து.

இதே காரியத்தை மனிதன் தொடங்கிவைத்தால்? வேறொரு சிப்பியின் சதைப் போர்வையிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, சிப்பி ஓட்டில் கடைந்த ஓர் உருண்டை மணியோடு சேர்த்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். பிறகு சிப்பி தண்ணீருக்குத் திரும்பிப் போகிறது. பூசுவதெல்லாம் சிப்பிதான். மாதக்கணக்கில், சில வகைகளில் ஆண்டுக்கணக்கில் பூசுகிறது. ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893-இல் இப்படி அரைக்கோள முத்தை எடுத்தார். முழு உருண்டை எடுக்கும் வழி அடுத்த நூற்றாண்டில்தான் கைகூடியது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே சீனர்கள் நன்னீர்ச் சிப்பிக்குள் சின்னப் புத்தர் உருவங்களைச் செருகி, மேலே முத்துப் பூச்சு ஏற்றி எடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் மணியோ எடுத்து மினுங்கும் சாந்தைப் பூசுவது. பழைய நாளில் அந்தச் சாந்தை மீன் செதிலிலிருந்து எடுத்தார்கள். சிப்பிக்கு இதில் பங்கே கிடையாது. இது போலி முத்து.

ஆக, தமிழில் மூன்று பெயர் வேண்டும். நடுவில் இருப்பதற்குச் 'செயற்கை' என்று வைத்துவிட்டால் மூன்றாவதற்கு என்ன மிச்சம்? மக்கள் அதையும் செயற்கை என்றே சொல்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் வளர்த்த முத்தும் பிளாஸ்டிக் மணியும் ஒரே பெயரில் கிடக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நகைத் தொழிலுக்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அடைமொழி இல்லாமல் முத்து என்று சொன்னால் இயற்கை முத்தைத்தான் குறிக்கும், வளர்த்ததற்கு 'கல்ச்சர்டு' என்று முன்னால் போட வேண்டும், போலிக்கு 'ஆர்டிஃபிஷியல்', 'இமிட்டேஷன்', 'சிமுலேட்டட்' இவற்றில் ஒன்றைப் போட வேண்டும் என்கிறது அது. அதாவது செயற்கை என்ற அடைமொழி அங்கே போலிக்கு ஒதுக்கியது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தூக்கி வளர்ப்பின் தலையில் வைத்துவிட்டார்கள்.

'கல்ச்சர்' என்பதற்குத் தமிழ் இல்லாமலா இதைச் செய்தோம்? லத்தீனில் அதன் வேர் உழுது பயிரிடுவது. வாழைக்குத் 'திசு வளர்ப்பு' என்று எழுதுகிறோம், உழவர்கள் சொல்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. திசு வளர்ப்பு வாழையைச் செயற்கை வாழை என்று யாராவது சொல்வார்களா? பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புழுவைத் தட்டில் போட்டு, தழை நறுக்கிக் கொடுத்து, கூடு கட்ட இடம் அமைத்து, கடைசியில் வெந்நீரில் போட்டு நூலெடுப்பது வரை முழுக்க மனிதன் கைதான். அது சுத்தமான பட்டு. செயற்கைப் பட்டு என்றால் ரேயான். தேனீ வளர்ப்பில் வந்த தேன் தேன்தான், மீன் வளர்ப்பில் வந்த மீன் மீன்தான். முத்துக்கு மட்டும் என்ன வந்தது? வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொழிலுக்குப் பெயர் 'முத்து வளர்ப்பு' என்று எல்லாரும் சரியாகவே எழுதுகிறார்கள். 'முத்து வளர்ப்பின் மூலம் செயற்கை முத்துகளைப் பெறலாம்' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதிய கட்டுரையை நானே பிழை திருத்தியிருக்கிறேன். திருத்தியதை மறுபடியும் பழையபடி மாற்றித்தான் அச்சிட்டார்கள்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நல்ல வாதம் உண்டு. உள்ளே இருக்கிற மணி மனிதன் வைத்தது, மேலே பூசியிருப்பது அகோயா என்ற கடல் சிப்பியில் வளர்க்கும் முத்தில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, முக்கால்வாசி மனிதச் சரக்காக இருக்கும்போது செயற்கை என்றால் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மணியும் ஒரு சிப்பியின் ஓடுதானே? போகட்டும். சீனாவில் விளையும் நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மணியே வைப்பதில்லை. சதைத்துண்டு மட்டும்தான். உள்ளிருந்து வெளிவரை முழுக்கச் சிப்பி பூசியது. அதையும் செயற்கை என்றுதானே எழுதுகிறார்கள்? 'செயற்கைக் கருத்தரிப்பு' என்று இருக்கிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். கருத்தரிப்பு செயற்கை, சரி. பிறந்த பிள்ளையைச் செயற்கைப் பிள்ளை என்போமா?

1920களில் ஜப்பானிய முத்து ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது, இயற்கை முத்து வியாபாரிகள் இதையே 'போலி, போலி' என்று கூவினார்கள். அவர்களுக்குப் பிழைப்புப் போகிற பயம். நமக்கு அப்படி ஒரு பயமும் இல்லை, சும்மா கூவுகிறோம். அதனால் என் கட்சி இதுதான்: இயற்கை முத்து, வளர்ப்பு முத்து, போலி முத்து. 'பண்ணை முத்து' என்றாலும் எனக்குச் சம்மதமே. 'பண்படுத்திய முத்து' மட்டும் வேண்டாம், அது ஏதோ திருந்திய ரவுடி மாதிரி இருக்கிறது.

வாயைத் திறந்துவிட்டதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடுகளவு முத்தை 'விதை முத்து' என்கிறார்கள். முத்து என்றாலே விதை என்ற பொருளும் உள்ள மொழியில் இது விதை விதை என்பது போல ஒலிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து நகைப் பட்டியல்கள் கல்லில் கிடக்கின்றன. அதிலேயே 'குறுமுத்து' இருக்கிறது. அதே கல்லில் நல்ல உருண்டைக்கு 'வட்டம்', ஏறத்தாழ உருண்டைக்கு 'அனுவட்டம்', ஒட்டிப் பிறந்ததற்கு 'இரட்டை', முரடாக இருப்பதற்கு 'கறடு' என்றெல்லாம் தரம் பிரித்து வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்று 'பரோக் முத்து' என்று எழுதி, பக்கத்தில் 'ஒழுங்கற்ற வடிவமுடையது' என்று விளக்கமும் எழுதுகிறோம். பரோக் என்பதே போர்த்துகீசியத்தில் கோணல்மாணல் முத்துக்கு வழங்கிய சொல்தான், பிறகுதான் கலைப் பாணிக்குப் பெயரானது. கரட்டு முத்து என்றால் குறைந்தா போய்விடும்?

ஒளிக்கு என்ன சொல்வது? 'பளபளப்பு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பாத்திரமும் பளபளக்கிறது, முத்தும் பளபளக்கிறது. அந்தக் கல்வெட்டில் 'குளிர்ந்த நீர்', 'சிவந்த நீர்' என்று வருகிறது. மணியின் ஒளிக்குத் தமிழில் நீர் என்று பெயர், நீரோட்டம் என்றும் சொல்வார்கள். முத்தின் ஒளி மேலே தெறிப்பதில்லை, உள்ளே ஓடுவது போலத் தெரியும். பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

இப்போது என் பக்கமே உதைக்கிற ஓர் இடம். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் விளையும் பெரிய முத்துக்கு ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துத் 'தென்கடல் முத்து' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி. தமிழும் சுத்தமான தமிழ். ஆனால் பட்டினப்பாலை பூம்புகாரில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கும்போது 'தென்கடல் முத்தும் குணகடல் துகிரும்' என்கிறது. அது கொற்கைப் பக்கத்து முத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு பொருளுக்கு நின்ற பெயரைக் கழற்றி வேறொன்றுக்கு மாட்டுவதைவிட, 'சவுத் சீ முத்து' என்று வணிகப் பெயராகவே விட்டுவிடலாம் என்பேன். தனித்தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்ச் சொல்லைக் காப்பாற்றத்தான் ஆங்கிலச் சொல்லைப் போடுகிறேன் என்றால் அவர்களுக்குப் புரியுமா, தெரியாது.

கடைசியாக 'கெஷி'. வளர்க்கும் சிப்பிக்குள், வைத்த மணியைச் சிப்பி வெளியே தள்ளிவிட்டாலோ, சதைத் துணுக்கு தனியே தங்கிவிட்டாலோ, யாரும் எதிர்பாராமல் மணியே இல்லாத ஒரு முத்து விளையும். முழுக்க நேக்கர். இதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் 'தற்செயல் செயற்கை முத்து' என்று எழுதியிருந்தார். இரண்டு செயல், ஒரு முத்து. ஜப்பானிய மொழியில் கெஷி என்றால் கசகசா. அப்புறம் என்ன யோசனை, 'கசகசா முத்து' என்றே வைத்துவிடலாமே என்று அந்தத் தனித்தமிழ் நண்பரிடம் சொன்னேன். கசகசா தமிழே இல்லை, அரபியிலிருந்து வந்தது என்றார்.