முதலில் சம்பளப் பட்டியலைக் காட்டுங்கள்

தொண்டு நிறுவனங்களின் திட்டங்களை மதிப்பிட்டுத் தருவது என் தொழில். நன்கொடையாளர் சார்பில் போய், கோப்புகளைப் புரட்டி, களத்தில் நாலு பேரிடம் பேசி, பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வருகிற விண்ணப்பம் ஒவ்வொன்றும் தன்னைப் புதுமை என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பெரும்பாலும் அந்தப் புதுமை ஒரு செயலியாகவோ கருவியாகவோ இருக்கும். படம் பிடித்தால் எடுப்பாக இருக்கும். நான் கேட்பது களப்பணியாளர்களின் சம்பளப் பட்டியலை. எந்த வேலைக்குக் கூலி தருகிறார்கள் என்று தெரிந்தால், திட்டம் எந்தப் பக்கம் போகும் என்பது பாதி தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் வங்கதேசத்தின் பிராக். ஃபசலே ஹசன் ஆபேத் 1972-இல் தொடங்கிய தொண்டு நிறுவனம். அந்தக் காலத்தில் அங்கே வயிற்றுப்போக்கு ஏராளமான குழந்தைகளைக் கொண்டுபோனது. மருந்து தெரியாமல் இல்லை. உப்பும் இனிப்பும் சரியான அளவில் கலந்த நீர் உயிரைக் காக்கும் என்பது ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. ஆனால் நாடு முழுவதற்கும் பாக்கெட் செய்து கொண்டுசேர்க்க வழியில்லை. எனவே வீட்டில் இருப்பதை வைத்தே கலக்கச் சொல்லிக்கொடுக்க முடிவு செய்தார்கள்: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர், தண்ணீர். (இன்று பாக்கெட் கிடைக்கிற இடத்தில் அதுவே பாதுகாப்பு. கை அளவு ஆளுக்கு ஆள் மாறும்.) 1980-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்கள் போய்த் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதுவரை கேட்டால் நல்ல பிரச்சாரம், அவ்வளவுதான் என்று தோன்றும். கூலியைப் பாருங்கள். இத்தனை வீட்டுக்குப் போனால் இவ்வளவு என்று வைத்திருந்தால் என்ன நடக்கும்? வாசலில் நின்று ஒப்பித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். பிராக் அப்படி வைக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொரு குழு போகும். சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, சொல்லிக்கொடுத்த குறிப்புகளில் எத்தனை நினைவிருக்கிறது என்று அந்தத் தாயிடம் கேட்கும். கலக்கியும் காட்டச் சொல்லும். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்குத் தக்கபடி பணியாளருக்குக் கூலி. கற்றுக்கொடுத்தவரின் வருமானம் கற்றுக்கொண்டவரின் கையில் இருந்தது. படம் எடுக்க இதில் ஒன்றுமே இல்லை.

அதன் பிறகும் ஒரு சிக்கல். தாய்மாருக்குப் பாடம் நினைவிருந்தது, குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் கலக்கிக் கொடுக்கவில்லை. நினைவிருப்பதை மட்டும் எண்ணிக்கொண்டு அறிக்கை அச்சடித்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் துருவினார்கள். பணியாளர்களுக்கே அந்த நீரில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். இன்னொரு காரணம், ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பணியாளர்களுக்கு விளக்கினார்கள். சந்தை, பள்ளிவாசல் என்று ஆண்கள் கூடும் இடங்களுக்கும் ஆள் அனுப்பினார்கள். பயன்பாடு ஏறியது. தலைமையின் திறமை என்று நான் மதிப்பது இந்தத் துருவலை. தனக்குச் சங்கடம் தரும் எண்ணைத் தானே தேடிப் போவது எல்லோருக்கும் வராது.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் பிளேபம்ப். தென்னாப்பிரிக்காவில் பிறந்த யோசனை. குழந்தைகள் ராட்டினம் சுற்ற, நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறும். கேட்டவுடன் மனம் துள்ளுகிறது அல்லவா? 2006-இல் அமெரிக்காவில் இதற்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். 4,000 பம்புகள் இலக்கு. ஊருக்குப் போனதும் கதை மாறியது. தண்ணீர் தேவைப்படும் நேரமெல்லாம் குழந்தைகள் விளையாட வருவார்களா? குடத்தோடு வந்த பெண்கள் அந்தச் சக்கரத்தைத் தாங்களே தள்ள வேண்டியதாயிற்று. பழுதானால் ஊர்க்காரர்களால் சரிசெய்ய முடியவில்லை. சில இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருந்தார்கள். 2010 வாக்கில் அமெரிக்க அமைப்பு கடையைக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த பம்புகளை வேறொரு அமைப்பிடம் கொடுத்துவிட்டது. தண்ணீர் இறைப்பவர்களைக் கேட்டு வடிவமைத்திருந்தால் ராட்டினம் என்ற எண்ணமே எழுந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஜிம்பாப்வேயின் 'ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்' இதற்கு நேர்மாறு. நாடு முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவர்களே இருந்த நேரம். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006-இல் தலைநகர் ஹராரேயின் எம்பாரே பகுதியில் வேலையைத் தொடங்கியபோது மருத்துவமனைக்குள் அறையும் கிடைக்கவில்லை, ஒதுக்கித் தர செவிலியரும் இல்லை. அங்கே ஏற்கெனவே சுகாதாரத் தொண்டர்களாக இருந்த 14 பாட்டிகள் இருந்தார்கள். வெளியே இடம் இருந்தது. வெளியே ஒரு பெஞ்சைப் போட்டு, வந்தவரின் கவலைகளைக் கேட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்து தீர்வு தேட உதவும் முறையைப் பாட்டிகளுக்குப் பயிற்றுவித்தார். இல்லாததற்காகக் காத்திருக்காமல் இருப்பதை வைத்து வடிவமைத்ததால், பணம் வற்றினாலும் அடித்தளம் போகாது. பாட்டிகளும் வேறு வேலை கிடைத்தது என்று ஊரை விட்டுப் போகிறவர்கள் இல்லை. பிறகு 24 மருத்துவமனைகளில் 573 பேரைக் கொண்டு ஒப்பீட்டு ஆய்வு நடத்தி, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன.

ஒப்பீட்டு ஆய்வு எதற்கு, நல்ல மனதோடு செய்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவில் 1970-களில் தவறான வழியில் போகும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய், கைதிகளை விட்டுப் பயமுறுத்தித் திருத்தும் திட்டம் பரபரப்பாகப் பேசப்பட்டது. பெற்றோருக்குப் பிடித்தது, தொலைக்காட்சிக்கும் பிடித்தது. பிற்காலத்தில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி அழைத்துப்போன சிறுவர்கள்தான் போகாதவர்களைவிட அதிகம் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள்.

நன்கொடையாளர்களிடமும் கோளாறு உண்டு. கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுப்பார்கள்; மறுபடி போய்ச் சரிபார்க்கும் ஆளின் சம்பளத்தை 'நிர்வாகச் செலவு' என்று அடித்துவிடுவார்கள். பிராக் திட்டத்தில் அந்தச் சரிபார்க்கும் குழுவை வெட்டியிருந்தால் கூலி முறையே நின்றிருக்காது. சிறு தொகை கொடுப்பவரும் இதைக் கேட்கலாம்: கொடுத்த பிறகு போய்ப் பார்க்க ஆள் உண்டா, அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்?

தலைவர்களிடம் நான் கேட்கும் இன்னொரு கேள்வி: கடைசியாக நீங்களே நிறுத்திய திட்டம் எது, ஏன்? சிலர் எல்லாமே வெற்றி என்பார்கள். அந்தக் கோப்பை இரண்டாம் முறை படிப்பேன். சிலர் உடனே ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லி, எந்த மாதம், எந்த எண்ணைப் பார்த்து மூடினோம், அங்கே வேலை பார்த்தவர்களை எங்கே மாற்றினோம் என்று சொல்லத் தொடங்குவார்கள். அவர்கள் பேசப் பேச நான் பேனாவை எடுத்துவிடுவேன்.