‘ஏனைய வெள்ளையர்’ என்று நான் பதிந்த பெண்

இங்கிலாந்தில் ஒரு மருத்துவ நிலையத்தில் நோயாளர் பதிவுகளைப் பார்ப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு கர்ப்பிணி வந்தார். கையில் ருமேனியக் கடவுச்சீட்டு. ஒரு வார்த்தை கேட்காமல் இனப் பிரிவில் ‘ஏனைய வெள்ளையர்’ என்று பதிந்தேன். ருமேனிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் ஒழுங்கு செய்தேன். அவர் முன்னால் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை கூட வந்த மாமியார் வாய்தவறிச் சொன்னபோதுதான் தெரிந்தது: அவர்கள் ரோமா மக்கள், வீட்டில் பேசுவது ரொமானி.

ருமேனியாவில் ரோமா மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஆனால் இரண்டு பெயர்களுக்கும் ஒலியைத் தவிர உறவில்லை. ரொமானியில் ‘ரோம்’ என்றால் கணவன், தம் இனத்து ஆண். அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதைக் கேட்டால் நமக்கே திகைப்பாக இருக்கும்: ஏக், துயி, த்ரின். வட இந்தியாவிலிருந்து ஆயிரம் வருடங்களுக்கு முன் புறப்பட்ட மொழி. நாம் பாட்டிலும் கவிதையிலும் ஆசையாய்ச் சொல்லும் ‘ஜிப்சி’ அவர்களில் பலருக்கு வசைச்சொல். இங்கிலாந்தின் பழைய ஜிப்சிக் குடும்பங்களோ அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆகவே கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நான் கேட்டிருந்தாலும் பதிய இடமில்லை. எங்கள் கணினியில் இருந்தவை 2001 குடிசன மதிப்பின் பிரிவுகள். இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்பில் ‘ரோமா’ என்ற கட்டம் முதன்முதலாக வந்ததே 2021இல். சுமார் 1,01,000 பேர் அதைத் தெரிவு செய்தார்கள். அதற்கு முந்தைய கணக்குகளில் இவர்கள் வேறு ஏதோ ஒரு தலைப்பின் கீழ் கரைந்து கிடந்தார்கள்.

கட்டம் இருந்தாலும் எண்ணிக்கை சரியாக வருவதில்லை. ஸ்லோவாக்கியாவில் 2021இல் ரோமாவைத் தம் முதல் தேசிய இனமாகச் சொன்னவர்கள் சுமார் 67,000 பேர். இரண்டாவது இனமொன்றையும் சொல்ல அந்த முறை இடம் கொடுத்தார்கள். அதையும் சேர்த்தால் சுமார் 1,56,000. குடியிருப்பு குடியிருப்பாகப் போய் எடுத்த மதிப்பீடோ 4 லட்சத்தைத் தாண்டுகிறது.

மற்றவர்கள் ஏன் சொல்லவில்லை? ஜெர்மனியில் நாஜிகள் காலத்தில் ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவரின் ஆய்வு நிலையம் ரோமா குடும்பங்களின் வம்சாவளியையும், ஜெர்மனியில் நெடுங்காலம் வாழும் அவர்களின் கிளையினரான சிந்தி குடும்பங்களின் வம்சாவளியையும் துருவி எழுதி வைத்தது. 1942 டிசம்பரில் நாஜிப் பொலிஸின் தலைவர் ஹிம்லர் உத்தரவிட்டதும் அந்தப் பதிவுகள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு வழிகாட்டின. அது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. சுவீடனின் ஸ்கோனே பகுதிப் பொலிஸ் 4,000க்கு மேற்பட்ட ரோமா மக்களை, குழந்தைகள் உட்பட, ஒரு பட்டியலில் வைத்திருந்தது 2013இல் அம்பலமானது. கொழும்பில் 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தப் பயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முகத்தையும் கடவுச்சீட்டையும் பார்த்து இனத்தை ஊகிக்காதீர்கள் என்கிறேன். ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பேசும் மொழியைத் தனியாகக் கேளுங்கள்.

அந்தப் பெண் இரண்டாவது பிள்ளைக்கு வந்தபோது புதிய படிவத்தில் ரோமா என்ற கட்டம் இருந்தது. இந்தத் தாள் யாரிடம் போகும் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுத் திருப்பித் தந்தார். நானும் அப்படியே பதிந்தேன். மொழி என்ற இடத்தில் மட்டும் ரொமானி என்று எழுதியிருந்தார். அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.